பங்காளி யார்? தஞ்சைக் களத்துமேட்டில் ஒரு நெல் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் செம்மைப்படுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு விளையாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

1982ல் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கூத் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்கள் இரண்டு பேரும் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆட்டம் ரொம்ப சிம்பிள். உங்க கையில நூறு ரூபாய் இருக்குன்னு வெச்சுக்குங்க. முன்பின் தெரியாத ஒருவருக்கு அதில் எவ்வளவு தருவீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர் சரி என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. அவர் வேண்டாம் என்றால் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கிடையாது. வெறும் லாபக் கணக்குப் பார்த்தால், பத்து ரூபாய் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். சும்மா வர்ற பத்து ரூபாய்தானே? ஆனா நிறைய பேர் வாங்கிக்கிறது இல்ல. "எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம், போ" என்று விடுகிறார்கள். அநியாயமான பங்கை ஏற்பதைவிட நஷ்டப்படுவது மேல் என்று மனிதர்கள் நினைக்கிறார்கள்.

இந்தக் கதையை நீங்க வேற பாட்காஸ்ட்லயும் கேட்டிருப்பீங்க. எனக்கு இதில் பிடித்தது முடிவு இல்லை, விதிமுறை. இரண்டு விஷயங்களை அந்த ஆட்டம் முன்கூட்டியே நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஒன்று, ஆட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை, ரெண்டு பேர். இன்னொன்று, அந்த இரண்டாவது ஆள் வேண்டாம் என்று சொன்னால் அவருக்குப் போவது பத்து ரூபாய் மட்டும்தான். அவர் குடியிருக்கும் வீடு போகாது.

இந்த ரெண்டும் இல்லாத ஓர் இடத்தில் நியாயமான பங்கு என்பதை மனிதர்கள் எப்படிக் கணக்குப் பார்த்தார்கள்? அதற்கு நாம் காவிரி டெல்டாவுக்குப் போகணும்.

முதல்ல ஒரு வார்த்தை. பங்காளி. இன்னைக்கு டீக்கடையில "என்ன பங்காளி"ன்னு கூப்பிட்டா நண்பன். கல்யாண வீட்டில் பங்காளி என்றால் சித்தப்பா, பெரியப்பா வழி. சொத்துத் தகராறு நடக்கிற வீட்டில் அதே வார்த்தை எதிராளி மாதிரி ஒலிக்கும். அடிப்படையில் பங்கு உள்ளவன்தான் பங்காளி.

பழைய தஞ்சாவூர்ப் பகுதியிலும் தொண்டை மண்டலத்திலும் பல கிராமங்களில் நிலம் வயல் வயலாகத் தனி ஆளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஊர் மொத்தமும் இத்தனை பங்கு என்று பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவருக்குச் சொந்தமானது பங்குதான், குறிப்பிட்ட வயல் அல்ல. அந்தப் பங்குக்கான வயல்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். அதற்குக் கரையீடு என்று பெயர். கரை என்றால் இங்கே ஆற்றங்கரை கிடையாது, பங்குத் தொகுதி. வாய்க்கால் தலைப்பில் உள்ள நல்ல வயல் கொஞ்சம், கடைமடையில் தண்ணீர் எட்டிப் பார்க்காத வயல் கொஞ்சம் என்று கலந்து ஒவ்வொரு கரையையும் கட்டுவார்கள். பிறகு சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எந்தக் கரை தனக்கு வரும் என்று பிரிக்கிறவனுக்கே தெரியாது, அதனால் ஒழுங்காகப் பிரிப்பான். போன தடவை மேட்டு நிலம் விழுந்தவனுக்கு அடுத்த தடவை பள்ள நிலம் விழலாம்.

1818ல் எஃப். டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதி அச்சிட்டார். திருவள்ளுவர் உருவத்தோடு தங்கக் காசு அடித்தார் என்று சொல்வார்களே, அதே எல்லிஸ்துரைதான், அப்போது சென்னைக் கலெக்டர். இந்தக் கூட்டுப்பங்கு முறை பற்றிய முக்கியமான பதிவுகளில் அது ஒன்று. பல வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அடுத்த சுற்றில் கைமாறப் போகிற வயலுக்கு எவன் எரு போடுவான் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 19ஆம் நூற்றாண்டு போகப் போகக் கரையீடு தேய்ந்து, வயல்கள் நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.

இந்த முறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சென்னை அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்கள். சில இடங்களில் கார் பார்க்கிங்குக்கு வருஷா வருஷம் குலுக்கல் போடுவாங்க. தூணுக்குப் பக்கத்தில் இடுக்கான இடம் ஒருத்தருக்கே எப்போதும் விழக்கூடாது என்று. ரொம்ப ஃபேர். அந்தக் குலுக்கல்ல வாட்ச்மேன் சைக்கிளுக்கு இடம் உண்டான்னு யாரும் கேட்கிறதில்ல. கேட்கக் கூடாது என்று யாரும் முடிவு செய்ததும் இல்லை. அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதே இல்லை, அவ்வளவுதான்.

கரையீடும் அப்படித்தான். சீட்டில் பெயர் உள்ளவர்கள் மிராசுதார்கள். தஞ்சையில் பெரும்பாலும் பிராமணர்களும் வேளாளர் போன்ற சாதியினரும். தங்களுக்குள் இவ்வளவு நுணுக்கமாக நியாயம் பார்த்தவர்களின் வயலில் சேற்றில் இறங்கியவர்கள் பள்ளர், பறையர் குடும்பங்கள். அவர்களுக்குச் சீட்டு இல்லை. பல ஊர்களில் அவர்கள் அடிமைகளாகவே எழுதப்பட்டிருந்தார்கள், நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். 1843ல் தான் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரம் போனது. அதற்குப் பிறகும் கடனும் குடிசையும் அவர்களைக் கட்டிப்போட்டு வைத்திருந்தன.

அப்போ அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? இருந்தது. அது எப்படி இருந்தது என்பதுதான் சுவாரசியம்.

தஞ்சைக்கு வடக்கே, செங்கல்பட்டு வட்டாரத்தில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் குடிக்கும் பிரிப்பதற்கு முன்பே குவியலில் இருந்து யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர், ஏரி பார்ப்பவர் என்று பட்டியல் நீளும். இப்படிக் களத்தில் கிடைக்கும் உரிமைப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். ஆமாங்க, ஆகஸ்ட் 15 சுதந்திரம்னு நாம சொல்ற அதே வார்த்தைதான். கொடியேற்றுவதற்கு முன்னாடி அந்த வார்த்தைக்கு நெல் வாசனை இருந்திருக்கிறது.

இதை வைத்து, அந்தக் காலத்துக் கிராமம் எல்லாருக்கும் பங்கு கொடுத்த பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எல்லாருக்கும் பங்கு இருந்தது உண்மைதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. கூட்டிக் கேட்க வழி இல்லை. அதே சமயம் ஒன்றை மறுக்க முடியாது. குவியல் எல்லார் கண் முன்னாலும் இருந்தது. மொத்தம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று கடைசி ஆளுக்கும் தெரியும். நம்ம ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் சம்பளம்கூட நமக்குத் தெரியாது, பாருங்க.

இப்போ 1940களுக்கு வருவோம். தஞ்சை டெல்டாவில் ரெண்டு வகையான ஆட்கள் நிலத்தில் உழைத்தார்கள். ஒருவர் குத்தகைதாரர் அல்லது வாரதாரர். இங்கே வாரம் என்றால் திங்கள், செவ்வாய் இல்லை, விளைச்சலில் பங்கு. நிலக்காரருக்குப் போவது மேல்வாரம், பயிர் செய்தவருக்குக் குடிவாரம். இன்னொருவர் பண்ணையாள். ஒரு மிராசுதாரிடம் குடும்பத்தோடு கட்டுப்பட்டவர். குடிசை பண்ணையார் நிலத்தில். கூலி நெல்லாக. பொங்கலுக்குத் துணி, சாவுக்கும் கல்யாணத்துக்கும் கடன். மாடு மேய்ப்பதில் இருந்து குழந்தைகளுக்கும் வேலை.

கூலி அளப்பது மரக்காலில். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இது புத்தகக் கணக்கு. நடைமுறையில் மரக்கால் ஊருக்கு ஊர் மாறும், சில வீடுகளில் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும்கூட மாறும். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால். அதே மரக்காலைக் கோபுரமாகக் குவித்தும் அளக்கலாம், தலை வழித்தும் அளக்கலாம். இதனாலதான் 1943ல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் தென்பறையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியபோது எழுந்த கோரிக்கைகளை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். சங்கத்தைக் கட்டியவர் பி. சீனிவாசராவ். கன்னடம் பேசும் பகுதியிலிருந்து வந்து, தமிழ் கற்றுக்கொண்டு, சேரியிலேயே தங்கிய கம்யூனிஸ்ட். நிலத்தைப் பிடுங்கிக் கொடு என்று அவர்கள் முதலில் கேட்கவில்லை. சவுக்கால் அடிக்காதே. சாணிப்பால் புகட்டாதே. அரசு முத்திரை குத்திய மரக்காலில் கூலி அள. 1944ல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இவை இடம்பெற்றன.

சவுக்கடியும் மரக்காலும் ஒரே தாளில்! படிக்கிற நமக்கு ஒண்ணு கொடூரம், இன்னொண்ணு அளவுக் கருவி. அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அளவு என்ன என்று கேட்கவும், அடி வாங்காமல் கேட்கவும் உரிமை வேண்டும். கூலி எவ்வளவு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கவே முடியும்.

மிராசுதார் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அதாவது அவர்கள் மனதில். "பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டோம், சங்கம் வந்து கெடுத்திடுச்சு" என்பது டெல்டாவில் பழகிப்போன பேச்சு. எல்லாரும் ஆயிரம் வேலிக்காரர்களும் இல்லை. மூன்று ஏக்கரை வாரத்துக்கு விட்டுவிட்டு, அந்த நெல்லில் பிள்ளையை மதராஸில் படிக்க வைத்த குடும்பங்கள் அக்ரகாரங்களில் நிறைய. அவர்களுக்குக் குடிவாரம் கூடுவது உண்மையிலேயே அடுப்பைத் தொடும் விஷயம். ஆனால் குறைந்த கூலியில் வயிறு கட்டியவர்களை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்க்கவில்லை.

1952ல் ராஜாஜி முதல்வர். கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தவர். அவர் அரசுதான் அந்த ஆகஸ்டில் தஞ்சைக்கென்று தனியாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. சங்கம் வளர்வதைத் தடுக்க ஒரே வழி, சங்கம் கேட்பதில் கொஞ்சத்தைக் கொடுத்துவிடுவது. அரசியல்ல இது புதுசு இல்ல. அந்தச் சட்டப்படி குடிவாரம் விளைச்சலில் ஐந்தில் இரண்டு. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக் கூடாது.

அடுத்து நடந்ததைக் கவனியுங்க. 1956ல், காமராஜர் காலத்தில், மாநிலம் முழுமைக்கும் நியாய வாரச் சட்டம் வந்தது. ஆற்றுப் பாசன நஞ்சையில் நிலக்காரருக்கு 40 சதவீதம், பயிரிடுபவருக்கு 60. அதாவது 1952ல் உழுதவருக்கு 40, நான்கே வருஷத்தில் 60. பிறகு நிலக்காரர் பங்கு 25 சதவீதமாகவும் குறைந்தது. மண் அதே மண், மழை அதே மழை. 'நியாயம்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் உள்ள எண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதுதான் நியாயம் என்று சட்டத்தில் எழுதப்படுகிறது. ஏட்டில் எழுதிய வாரம் எல்லாக் களத்திலும் அளக்கப்பட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வாய்மொழிக் குத்தகையில் பெயரே எங்கேயும் பதிவாகாத ஆள் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

பண்ணையாள் கதை இன்னும் சிக்கல். நீக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதும், பண்ணையாளே வேண்டாம் என்று பல மிராசுதார்கள் முடிவு செய்தார்கள். தினக்கூலி போதும். கேத்லீன் காஃப் என்ற மானுடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார், 1976ல் திரும்பி வந்தார். அதற்குள் பண்ணையாள் முறை தேய்ந்து, பெரும்பகுதி ஆட்கள் அன்றாடக் கூலிகளாகியிருந்தார்கள். கட்டுப்பாடு போனது நல்லதுதான். கூடவே பொங்கல் துணியும், பஞ்ச காலத்தில் கேட்டு வாங்கிய நெல்லும் போயின. பாதுகாக்க வந்த சட்டமே அவர்களை அந்தக் குவியலில் இருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியது.

1960ல் மத்திய அரசு நாட்டில் முதலில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து தீவிர விவசாயத் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் தஞ்சை ஒன்று. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே பேக்கேஜ். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. களத்தில் குவியல் பெரிதானது.

இங்கேதான் நியாயம் பற்றிய மனக்கணக்கு கூர்மையாகிறது. அறுவடைக் கூலி கலத்துக்கு இவ்வளவு என்று அளக்கப்படும். அறுத்து, கட்டி, சுமந்து, அடித்து, தூற்றி, குவிப்பவர்களுக்குக் குவியல் வளர்ந்தது முதலில் தெரியும். அவர்கள் தோளே சொல்லிவிடும். அந்த வருஷங்களில் அரிசி விலையும் ஏறியது. பட்டினிக் காலத்தில் பொறுத்துக்கொண்ட பங்கை, விளைச்சல் கூடிய காலத்தில் ஏன் பொறுக்க முடியாமல் போனது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மொத்தத்தில் எவ்வளவு, அதை உண்டாக்கியது யார் கை என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கலத்துக்கு இன்னும் கொஞ்சம் நெல் வேண்டும் என்று சங்கம் கேட்டது. அரைப்படி நெல் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தங்களுக்கும் ஒரு சங்கம் கட்டினார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தாக்குதலுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்கள் தீவைத்துக் கொல்லப்பட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், எல்லாரும் தலித்துகள்.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970ல் நில உடைமையாளர்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரிய நிலக்காரர்கள், அவர்களில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. நான் இதுக்கு மேல கமென்ட் பண்ணலை. சொத்து இருப்பதே ஒருவருடைய நன்னடத்தைக்குச் சாட்சியாக ஏற்கப்பட்ட இடம் அது.

சம்பவத்துக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை தலைமையில் ஒருநபர் கமிஷன் அமைத்தது. 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. மறுபடியும் அந்த 'நியாய'. நாற்று நட்டதும் களை எடுத்ததும் பெரும்பாலும் பெண்கள்தான், ஆனால் டெல்டாவில் கூலி என்றாலே ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்குக் குறைந்த அளவு என்பது அப்போதும் வழக்கம். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற மத்தியச் சட்டம் 1976ல் தான் வருகிறது. மரக்காலுக்காகப் போராடியவர்களும் இந்த வித்தியாசத்தைப் பெரிய கேள்வியாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. பங்கு கேட்டவர்கள் நடுவிலும் அரைப் பங்காளிகள் இருந்தார்கள்.

கடைசியா ஒரு சட்டம். இதைப் பத்தி அதிகம் யாரும் பேசுறதில்ல. 1971, கலைஞர் ஆட்சி. குடியிருப்புச் சட்டம். விவசாயத் தொழிலாளியின் குடிசை நிற்கும் மனை அவருக்கே சொந்தம். அவ்வளவுதான். கூலியை ஒரு படிகூட உயர்த்தாத சட்டம்.

அதுக்கு முன்னாடி பண்ணையாரோடு கூலிக்காக முறைத்தால் முதலில் வரும் மிரட்டல் "இடத்தைக் காலி பண்ணு" என்பதுதான். மனைவி, பிள்ளை, ஆடு, அடுப்பு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு எங்கே போறது? நாம் ஆரம்பத்தில் பார்த்த ஜெர்மன் ஆட்டத்தில் இரண்டாவது ஆள் பத்து ரூபாயைத் தூக்கி எறிகிறார் இல்லையா, அந்த வசதி இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள் என்பதை வைத்து, அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள் என எழுதிய பழைய அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மனை சொந்தமானதும், நாளை அறுப்புக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் சொந்த வாசலில் உட்கார்ந்திருக்க முடிந்தது. சட்டம் எல்லா ஊரிலும் உடனே நடைமுறைக்கு வரவில்லை, பட்டாவுக்காக அலைந்தவர்கள் ஏராளம். ஆனாலும் டெல்டாவில் கூலிப் பேச்சின் தொனி மாறியதில் இந்தச் சின்ன மனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இப்போ அந்தக் களத்துமேட்டுக்குப் போனா குவியலே கண்ணில் படாது. அறுவடை மெஷின் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, நேராக டிராக்டரில் கொட்டிவிடுகிறது. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மெஷினுக்கு மணிக் கணக்கில் வாடகை. மரக்கால் சில வீடுகளில் பூஜை அறையில் இருக்கிறது, கல்யாணத்தில் நிறைமரக்கால் வைக்க எடுக்கிறார்கள்.

அடுத்த எபிசோடும் இதே டெல்டாதான், ஆனா நெல் இல்ல, தண்ணி. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவில் முறை வைப்பது எப்படி நடந்தது, ராத்திரி முறையில் மடையைத் திருட்டுத்தனமாகத் திறந்தால் ஊர் என்ன செய்தது என்று பேசலாம். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது மடை காத்த கதை சொல்லியிருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வணக்கம்.